வந்தியின் பங்கு

திருச்சிற்றம்பலம்



ஆலய ஆண்டு மலர் என்றால் அதிலே தல மகிமை இருக்கும், அடியார் பெருமை இருக்கும், திருவிழாச் சிறப்பு இருக்கும். இம்முறை அடியேன் மண்ணைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் எழுத எண்ணினேன். மண்ணும் குளமும் கமநல நிலையத்துக் காரியங்கள், கோயில் மலரில் அவற்றுக்கு என்ன இடம் என்று எவரேனும் கேட்கலாம். சைவர்களாகிய நாம் அப்படிக் கேட்பதற்கு இல்லை. ஏனெனில் நாம் வணங்குகின்ற பெருமான் தலையிலே கூடை வைத்து மண் சுமந்தவன்.

அந்தத் திருவிளையாடலைச் சற்று நினைவுகூர்வோம்.

வையை ஆற்றிலே பெருவெள்ளம் வந்தது. மதுரையின் கரை உடைந்தது. பாண்டிய மன்னன் கரையை அளந்து ஊராருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும்படி கட்டளையிட்டான். பிட்டு அவித்து விற்றுச் சீவித்த வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்குத் துணை இல்லை, பிள்ளை இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கக் காசும் இல்லை. சொக்கநாதப் பெருமானை நினைந்து கலங்கி நின்றாள். அப்பொழுது ஒரு கூலியாள் கூடையும் மண்வெட்டியுமாக வந்தான். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டான். பிட்டை வயிறார உண்டான். மண்ணை வெட்டுவது போல வெட்டினான், ஆடினான், பாடினான், மரநிழலிலே உறங்கினான். மற்றவர்கள் பங்கெல்லாம் அடைபட்டுவிட்டன. வந்தியின் பங்கு ஒன்றுதான் திறந்து கிடந்தது. மன்னன் சினந்து பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் முதுகிலும் பட்டது, அரசி முதுகிலும் பட்டது, அமைச்சர் முதல் ஆண்டி வரை எல்லோர் முதுகிலும் பட்டது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்தான். கரை அடைபட்டது.

இந்தக் கதையை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். கோயிலிலே பிட்டுத் திருவிழா நடக்கும்போது பிட்டை வாங்கி உண்டு மகிழ்கின்றோம். ஆனால் இக்கதை வயற்காணியும் வளவும் உள்ளவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை என்பதை நாம் நினைப்பதில்லை. இதிலே மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, கரையிலே எல்லோருக்கும் பங்கு உண்டு. ஏழை என்றோ கிழவி என்றோ எவரும் விலக்கப்படவில்லை. இரண்டாவது, நூறு பங்கு அடைபட்டு ஒரு பங்கு திறந்திருந்தாலும் கரை முழுவதும் திறந்திருப்பதற்குச் சமம். வெள்ளம் அந்த ஒரு பங்கின் வழியாகவே ஊருக்குள் வரும். மூன்றாவது, எவரால் இயலவில்லையோ அவருடைய பங்கைச் சுமக்கவே இறைவன் வந்தான். கையும் காலும் உரமும் உள்ளவர்களின் பங்கைச் சுமக்க அவன் வரவில்லை.

எமது குளக்கட்டிலும் பங்கு

பங்கு என்ற சொல் எமது வயல்வெளிகளுக்குப் புதியதன்று. ஒரு குளத்தின் கீழே வயல் வைத்திருப்போர் ஒவ்வொருவரும் தத்தம் வயலின் அளவுக்கு ஏற்பக் குளக்கட்டிலும் வாய்க்காலிலும் ஒரு பகுதியைச் செப்பனிட வேண்டும் என்பது பழைய வழக்கம். ஒரு ஏக்கர்காரனுக்கு ஒரு பங்கு என்றால் மூன்று ஏக்கர்காரனுக்கு மூன்று பங்கு. பெரும்போக மழைக்கு முன்னர் கட்டிலே முளைத்த பற்றைகளை வெட்டி, எலிவளையும் கறையான் புற்றும் கண்ட இடத்தை வெட்டி இறுக்கி, வாய்க்காலிலே படிந்த மண்ணை அள்ளிப் போட வேண்டும். வட்டை விதானையார் வந்து பார்ப்பார். செய்யாதவனுக்குத் தண்ணீர்ப் பங்கிலே பேச்சு இருக்காது.

இந்த ஒழுங்கு பலமுறை குலைந்து பலமுறை நிமிர்ந்தது. 1832ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தனர். கட்டாயம் போனது நன்றே. ஆனால் அதனோடு சேர்ந்து பல இடங்களிலே ஊர்க்குளத்தைக் கட்டிக் காக்கும் கூட்டு வேலையும் குலைந்தது. அதனைக் கண்ட பின்னரே 1856ஆம் ஆண்டிலே நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, ஊரின் பழைய நீர் வழக்கங்களுக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் பின்னர் விதானைமாரின் அதிகாரம் பயிர்ச்செய்கைக் குழுக்களின் கைக்கு மாறியது. இன்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அந்தப் பொறுப்பு கமக்காரர் அமைப்புகளிடம் உள்ளது. ஆயினும் கிழக்கிலே 'வட்டை விதானை' என்ற பெயர் இன்னும் மறையவில்லை. சட்டங்கள் மாறின, பெயர்கள் மாறின, பங்கு மாறவில்லை.

200 ஏக்கருக்கு, அதாவது 80 ஹெக்டேயருக்கு, உட்பட்ட வயல்களுக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்கள் எனப்படும். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்ட பெருங்குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களமும் ஏனைய நிறுவனங்களும் பார்க்கின்றன. இலங்கையின் உலர் வலயத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்கள் உண்டு. இத்தனை குளங்களின் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு நாளும் பார்ப்பதற்கு எந்த அரசாங்கத்திடமும் ஆள் இல்லை. பார்க்கக் கூடியவன் அந்தக் கட்டின் மேலே காலையும் மாலையும் நடந்து போகின்றவன் ஒருவனே.

அடி எல்லோர் முதுகிலும் பட்டது

கரை உடைந்தால் அது எவருடைய பங்கு என்று வெள்ளம் கேட்பதில்லை. பாண்டியன் அடித்த அடி எல்லோர் முதுகிலும் பட்டது என்று புராணம் சொல்வதை நாம் திருகோணமலை மாவட்டத்திலே கண்ணாரக் கண்டோம்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்த வேளையிலே, விடிவதற்கு முன்னர் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. உறங்கிக் கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகள் போயின, வயல்கள் போயின, மாடுகன்றுகள் போயின. கட்டின் மேலே பாரமான வாகனங்கள் போனதும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. மாண்டவர்களுள் எவர் அந்தக் கட்டைப் பழுதாக்கினார்? எவரும் இல்லை. ஆனால் அடி அவர்கள் மேலேதான் பட்டது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயல் இந்த நாட்டை உலுக்கியது. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் நாடு முழுவதிலும் பலியாயின. எமது மாவட்டத்திலே மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர்ப் பக்கத்து மக்கள் இடம்பெயர நேர்ந்தது. இவ்வளவு மழை ஒரே மூச்சில் பெய்தால் எந்தக் கட்டும் தடுமாறும் என்பது உண்மை. ஆயினும் பற்றை மூடிய கட்டும் மண் மூடிய வாய்க்காலும் சாதாரண மழையையே தாங்க மாட்டா. பெருமழையை எம்மால் தடுக்க முடியாது. எமது பங்கு திறந்து கிடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

குளமும் கோட்டமும்

திருகோணமலையிலே பிறந்தவர்களுக்குக் குளக்கோட்டு மன்னனைத் தெரியாமல் இராது. குளமும் கோட்டமும் அமைத்தமையால் குளக்கோட்டன் எனப் பெயர் பெற்றான் என்பர். கோட்டம் என்றால் கோயில். திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடிய திருக்கோணமலையிலே கோயில் திருப்பணி செய்த அம்மன்னன், அக்கோயிலின் வயல்களுக்கு நீர் பாயக் கந்தளாய்க் குளத்தையும் கட்டுவித்தான் எனக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறுகின்றது. சூளவம்சம் அக்குளத்தை அநுராதபுரத்து மன்னன் இரண்டாம் அக்கபோதியோடு சேர்த்துச் சொல்லும். கட்டியவர் யார் என்று வாதிப்பதற்கு அறிஞர்கள் இருக்கின்றார்கள். காப்பவர் யார் என்பதே எமது கேள்வி. இன்றைக்கு அந்தக் குளத்து நீரைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பகிர்ந்துகொண்டு வேளாண்மை செய்கின்றார்கள். மேல் வயற்காரனின் வாய்க்கால் அடைபட்டால் கீழ் வயற்காரனின் பயிர் வாடும். அங்கே சாதியும் சமயமும் மொழியும் பேசிப் பயன் இல்லை.

மன்னன் கோயிலை மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை என்பதை நாம் கருத வேண்டும். குளம் இல்லாவிட்டால் வயல் இல்லை. வயல் இல்லாவிட்டால் அமுதுபடி இல்லை, விளக்குக்கு எண்ணெய் இல்லை, தேருக்கு வடம் பிடிக்க ஊர் இல்லை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டிலே திருக்கோணேச்சரத்தை இடித்தழித்த பின்னர், கோணநாயகர் தம்பலகாமத்திலே, கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவிலே எழுந்தருளினார். கோயில் இடிபட்ட பின்னரும் வழிபாடு நிலைத்தமைக்கு அந்த வயல்வெளியின் வளமும் ஒரு துணையாயிற்று.

சீனன்குடாவிலே வாழும் எமக்கு வேறொரு தாங்கியும் தெரியும். ஆங்கிலேயர் தமது கடற்படைக்கு எண்ணெய் சேமிக்கக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் எமது பற்றைக் காடுகளின் நடுவிலே நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட காலம் முதல் அவற்றுக்குக் காவல் என்ன, ஒப்பந்தம் என்ன, பேச்சுவார்த்தை என்ன! எண்ணெய்க்கு இவ்வளவு காவல் உண்டு. தண்ணீர் நிற்கும் குளத்துக்கோ வேலியும் இல்லை, காவலாளியும் இல்லை. அதற்குக் காவல் கட்டின் மேலே நாம் வைத்திருக்கும் பிள்ளையார் ஒருவர்தான். அவரை வணங்கிவிட்டு, அவர் காலடியிலே கட்டு கரைவதைப் பார்த்தும் பாராமல் போனால் அது வழிபாடு ஆகுமா?

இன்றைய வந்திகள்

எம்மவரிற் பெரும்பாலோர் இன்று ஆலையிலும் துறைமுகத்திலும் அரச வேலையிலும் இருக்கின்றார்கள். ஆனாலும் ஒரு துண்டு வயலோ மேட்டுக்காணியோ வளவோ இல்லாத குடும்பம் குறைவு. அந்தக் காணிகளின் நிலை என்ன?

யுத்தத்திலே கணவனை இழந்த பெண் இருக்கின்றாள். உத்தரவுப் பத்திரம் கணவன் பெயரிலே இருக்கின்றது. அவளால் மண்வெட்டி பிடித்துக் குளக்கட்டுக்குப் போக முடியாது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட, தனித்து இருக்கும் முதியவர் இருக்கின்றார். அவரால் வளவைச் சுற்றி நடக்கவே முடியாது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வராதவரின் காணி இருக்கின்றது. வேலி விழுந்து, வயல் காடாகி, அதன் ஊடாகப் போகும் வாய்க்கால் தூர்ந்து கிடக்கின்றது. இவர்கள்தான் இன்றைய வந்திகள். இவர்களுடைய பங்கு திறந்து கிடக்கின்றது. இவர்களைக் குறை சொல்ல எமக்கு உரிமை இல்லை. வந்தியை இறைவன் குறை சொல்லவில்லை. கூடையை எடுத்தான்.

வெளிநாட்டிலே இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கோயில் மண்டபத்துக்கும் மணிக்கோபுரத்துக்கும் நீங்கள் அனுப்பும் பணம் பெரியது. அது வாழ்க. ஆனால் ஊரிலே உங்கள் பெயரில் உள்ள காணியை நினைத்துப் பாருங்கள். அதை ஒருவரிடம் ஒப்படைத்துப் பார்க்கச் சொல்வதும், உங்கள் பங்கு வாய்க்காலுக்குக் கூலி அனுப்புவதும் கோயிற் திருப்பணியே. உங்கள் காணி காடானால் பன்றியும் யானையும் பக்கத்து வயலுக்கு இறங்கும். பாவம் பக்கத்து வயற்காரன்.

தண்டியடிகள் பிடித்த கயிறு

பங்கைச் செய்ய மனம் உண்டு, வழி தெரியவில்லை என்போர் பலர். இவர்களுக்காகப் பெரியபுராணத்திலே ஒரு நாயனார் இருக்கின்றார். அவர் தண்டியடிகள்.

தண்டியடிகள் திருவாரூரிலே பிறவியிலேயே கண் தெரியாதவராகப் பிறந்தார். கோயிலின் மேற்குப் பக்கத்துத் திருக்குளம் சுற்றிலும் நெருக்கப்பட்டுத் தூர்ந்து குறைந்து வருவதை அறிந்தார். நான் இதைத் தோண்டிப் பெருக்குவேன் என்று துணிந்தார். கண் இல்லாதவர் எப்படித் தோண்டுவது? குளத்தினுள்ளே ஒரு தறி நட்டார், கரையிலே ஒரு தறி நட்டார், இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்கி மண்ணை வெட்டினார், கயிற்றைத் தடவிக்கொண்டு ஏறி மண்ணைக் கொட்டினார். எள்ளி நகைத்தவர்கள் மண்வெட்டியைப் பறித்தார்கள், தறியைப் பிடுங்கினார்கள். அவர் விடவில்லை. பெருமான் மன்னனுக்குக் கனவிலே உணர்த்தினார். மன்னன் முன்னிலையிலே திருக்குளத்தில் மூழ்கி எழுந்த அடிகளுக்குக் கண் கிடைத்தது.

கண் கிடைத்த பின்னர் தோண்டலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கயிறு போதும் என்று தொடங்கினார். எங்களுக்கும் கயிறு உண்டு. ஒரு தறி எமது காணியிலே, மறு தறி அரச அலுவலகத்திலே. இடையே கட்டிய கயிற்றைத் தடவி நடக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கயிறு எது என்று சொல்கின்றேன்.

நாடு முழுவதிலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கமநல சேவை நிலையங்கள் உள்ளன. உங்கள் வயல் எந்த நிலையத்தின் கீழ் வருகின்றதோ அங்கே காணி இடாப்பு ஒன்று உண்டு. அதிலே உழுபவரின் பெயர் சரியாக இருக்கின்றதா என்று முதலிலே பாருங்கள். மானியம், காப்புறுதி, நட்ட ஈடு என்று எது வந்தாலும் அந்த இடாப்பைக் கொண்டே வரும். காணி உத்தரவுப் பத்திரத்திலே இறந்தவரின் பெயர் இருந்தால் கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவிலே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். விதவைப் பெண்களை இதற்குத் தனியே அனுப்பாமல், விபரம் தெரிந்த ஒருவர் கூடச் செல்லுங்கள். படிவம் நிரப்பிக் கொடுப்பதும் ஒரு கூடை மண் சுமப்பதே.

கமக்காரர் அமைப்பிலே அங்கத்தவராகுங்கள். போகம் தொடங்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போங்கள். எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது, எந்த வாய்க்காலை யார் துப்புரவு செய்வது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கப்படும். அந்தத் தீர்மானம் எல்லோரையும் கட்டும். போகாமல் இருந்துவிட்டுப் பின்னர் வரம்பிலே நின்று சண்டை பிடிப்பதில் பலன் இல்லை. சிறு குளத்துக் கட்டோ துருசோ பழுதானால் தனி ஒருவராகச் சொல்வதை விட அமைப்பின் ஊடாக எழுதிக் கொடுப்பது வலுவானது.

விவசாயப் போதனாசிரியரை அழையுங்கள். ஆலோசனைக்கு அவர் கட்டணம் கேட்பதில்லை. மண்ணை எப்படி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, எவ்வளவு உரம் போதும், எந்த நெல்லினம் பொருத்தம் என்பதை அவர் சொல்வார். கடனீரேரியை அடுத்த வயல்களிலே உவர் ஏறுவதுண்டு. அத்தகைய நிலத்துக்கென்றே அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்திலே ஏ.டி. 354 போன்ற, உவரை ஓரளவு தாங்கும் இனங்களை உருவாக்கி இருக்கின்றார்கள். கேட்பவருக்கே அது தெரியவரும்.

சட்டமும் ஒரு கயிறுதான். வயற்காணியை உரிய எழுத்து அனுமதி இல்லாமல் நிரப்பக் கூடாது. குளத்துக்கு ஒதுக்கிய நிலத்தைப் பிடிக்கக் கூடாது. மண் அரிப்பைத் தடுப்பதற்கென 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இவை எம்மைத் தொல்லைப்படுத்த வந்தவை அல்ல. திருவாரூர்க் குளம் நெருக்கப்பட்டது போல எமது குளம் நெருக்கப்படாமல் இருக்க வந்தவை.

மண் வராமற் காத்தல்

குளத்திலே படிந்த மண்ணை அள்ளுவது ஒரு வேலை. மண் வந்து படியாமற் காப்பது அதனிலும் மேலான வேலை. இதை எமது முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரு குளத்தில் மிஞ்சிய நீர் அடுத்த குளத்துக்குப் போகும்படி தொடர் தொடராகக் குளங்களைக் கட்டினார்கள். குளத்தின் மேற்பக்கத்திலே மரச்சோலை விட்டார்கள். அது காற்றைத் தடுத்து நீர் வற்றுவதைக் குறைக்கும். நீர் வந்து விழும் இடத்திலே புற்றரை விட்டார்கள். அது மண்ணை வடிகட்டும். கட்டுக்கும் வயலுக்கும் இடையிலே மரஞ்செடிகள் விட்டார்கள். அவை உவர் நீரை வயலுக்குப் போகாமல் பிடித்துக்கொள்ளும். இந்தக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டிலே உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. உலகம் மதிக்கும் அந்தச் சோலையைத்தான் நாம் விறகுக்கு வெட்டுகின்றோம். அந்தப் புற்றரையைத்தான் அரை ஏக்கர் கூட விதைக்கலாம் என்று உழுகின்றோம்.

வயல் இல்லாதவர்களுக்கும் பங்கு உண்டு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எமக்கு மழை கொட்டும். சரிவான வளவிலே மூடாமற் கிடக்கும் மண்ணை அது கழுவிக் கொண்டுபோய்க் குடாவிலே சேர்க்கும். அந்தக் குடாவின் கண்டல் மரங்களிலும் சேற்றிலும்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. 2015ஆம் ஆண்டு முதல் இலங்கை தனது கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் முயற்சியில் இறங்கி, உலகின் பாராட்டையும் பெற்றது. கண்டலைக் காப்பது கரையிலே தொடங்குவதில்லை, எமது வேலியிலே தொடங்குகின்றது. சரிவுக்குக் குறுக்கே கல்லடுக்குங்கள், அல்லது கிளிறிசீடியாத் தடிகளை நெருக்கமாக நட்டு வேலி போடுங்கள். அதன் வேர் மண்ணைப் பிடிக்கும், இலை நல்ல பசளை. 2005ஆம் ஆண்டிலே அது தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டதை இங்கே நினைவூட்டுகின்றேன். குப்பையைக் கொளுத்தாமல் மக்கவிட்டு மரத்தடியிலே போடுங்கள்.

2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடையை நீக்கினார்கள். அந்தப் போகத்திலே கமக்காரர் பட்டபாடு அவர்களுக்கே தெரியும். மண்ணின் வளத்தை ஓர் உத்தரவினால் ஓர் இரவிலே உண்டாக்க முடியாது என்பது அன்று விளங்கியது. அது ஆண்டாண்டாகச் சேர்க்கின்ற சேமிப்பு. பக்தியும் அவ்வாறே அல்லவா?

ஆவணி மூலத்திலே ஓர் உபயம்

அன்பர்களே, திருவிழா என்றால் முதலாம் நாள் இன்னார் உபயம், இரண்டாம் நாள் இன்னார் உபயம் என்று பெயர் எழுதி வைக்கின்றோம். உபயம் கிடைக்கவில்லையே என்று மனம் வருந்துவோரும் இருக்கின்றார்கள். அவர்களுக்காக அடியேன் ஒரு விண்ணப்பத்தை ஆலய பரிபாலன சபையின் முன் வைக்கின்றேன். வந்தியின் பங்கை ஓர் உபயமாக ஏற்படுத்துவோம்.

இறைவன் மண் சுமந்த திருவிளையாடலை ஆவணி மூலத்திலே கொண்டாடுவது மரபு. அந்த நாள் வரும் காலத்தைக் கவனியுங்கள். சிறுபோக அறுவடை முடியும் தறுவாய். குளத்திலே நீர் குறைந்திருக்கும். பெரும்போக மழைக்கு இன்னும் சில கிழமைகள் இருக்கும். குளக்கட்டிலே கை வைப்பதற்கு ஆண்டிலே இதைவிட நல்ல நாள் இல்லை.

ஆடி மாதத்திலேயே கமக்காரர் அமைப்போடும் கமநல உத்தியோகத்தரோடும் கதைத்து, எந்த எந்தப் பங்கு செய்வாரின்றிக் கிடக்கின்றது என்று ஒரு பட்டியல் எடுப்போம். விதவைகள், முதியவர்கள், வலுவிழந்தவர்கள் ஆகியோரின் பங்குகள் முதலிலே வரட்டும். ஊரிலே இல்லாதவர்களின் பங்குகளுக்கு அவர்களிடமே உபயப் பணம் கேட்போம். ஆவணி மூலத்தன்று காலைப் பூசை முடிந்ததும் இளைஞர்கள் மண்வெட்டியும் கடகமுமாக இறங்கட்டும். பெண்கள் பிட்டு அவிக்கட்டும். பிட்டு உதிர்ந்தாலும் குற்றம் இல்லை, உதிர்ந்த பிட்டுத்தான் கூலி. அயலிலுள்ள முஸ்லிம், சிங்களக் கமக்காரர்களையும் அழைப்போம். ஒரே வாய்க்காலிலே தண்ணீர் குடிக்கும் பயிருக்குச் சொந்தக்காரர்கள் ஒரே பந்தியிலே இருந்து பிட்டு உண்பது எவ்வளவு பொருத்தம்! மண்ணை வெட்டி எடுக்க வேண்டிய இடங்களில் உரிய அனுமதியைப் பெற்றே செய்வோம். இயந்திரம் வேண்டிய வேலையைத் திணைக்களத்திடம் எழுத்திலே கேட்போம். கையாற் செய்யக் கூடியதைக் கையாற் செய்வோம்.

கோயிலும் தன் பங்கைச் செய்யட்டும். தீர்த்தமாடும் குளத்திலே பொலித்தீனும் பூமாலைக் கம்பியும் மிதக்க விடாமல் பார்ப்பதும், ஆலயக் காணியின் ஓரங்களிலே வேம்பும் மருதும் நட்டு வளர்ப்பதும் எமது சபைக்கு இயலாத காரியங்கள் அல்ல. ஊருக்குச் சொல்பவன் முதலிலே தன் வேலியைப் பார்க்க வேண்டும்.

இறைவன் கூலியாளாக வந்தபோது எவரும் அவனை அறியவில்லை. அழுக்குத் துணியும் பழங்கூடையுமாக வந்தவனை ஊதாரி என்றே நினைத்தார்கள். இன்றைக்கும் அவன் பட்டும் பொன்னும் அணிந்து தேரிலே வரும்போது நாம் ஓடிப்போய் வணங்குகின்றோம். ஆவணி வெயிலிலே ஒரு விதவையின் பங்குக் கட்டிலே, பெயர் தெரியாத ஓர் இளைஞனின் தலையிலே ஒரு கடகம் மண்ணாக அவன் வந்தால் அறிந்துகொள்வோமா? அறிந்துகொள்ளும் கண்ணைத் தண்டியடிகளுக்கு அருளிய பெருமான் எமக்கும் அருள்வானாக.

குளங்கள் நிறைய, கட்டுகள் நிலைக்க, வேளாண்மை செழிக்க, ஊரார் ஒற்றுமையாய் வாழ எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவடிகளைப் பிரார்த்தித்து அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்